டிசம்பர் மெரிங் கெடும் விதங்கள்: அறிகுறி பார்த்துச் சரி செய்யும் வழிமுறை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீட்டு ஓவனில் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்பவர்கள் டிசம்பர் பிறந்ததும் என்னிடம் கொண்டு வரும் கேள்விகளில் பிளம் கேக்கைப் பற்றியவை குறைவு. மெரிங்கைப் பற்றியவையே மிகுதி. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் மட்டுமே நுரையாக அடித்து, ஓவனில் உலர்த்தி எடுக்கும் பண்டம்தான் என்றாலும், அது கெடுவதற்கு வழிகள் ஏராளமாக இருக்கின்றன. ஆண்டுதோறும் அதே கேள்விகளே திரும்ப வருவதால் அவற்றை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும். புதிதாக ஒன்றை வாங்கவோ, ஆளைக் கூப்பிடவோ வேண்டிய காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன். மெரிங் கெட்டதும் எல்லோரும் முட்டையைத்தான் குறை சொல்கிறார்கள். நாமக்கல் முட்டை தாராளமாகக் கிடைக்கும் நம் ஊர்களில் முட்டையால் கெடும் மெரிங் அபூர்வம்; கரையாத சர்க்கரையும், காற்றின் ஈரமும், ஓவன் காட்டும் பொய்ச் சூடுமே பெரும்பாலும் காரணம்.

கீழே உள்ளவை அனைத்தும் இந்த அளவை வைத்துச் சொல்லப்படுகின்றன: நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, ஏறத்தாழ 125 கிராம், வெள்ளைச் சர்க்கரை, அதாவது அஸ்கா, 250 கிராம், நுரையை நிற்க வைக்கும் புளிப்புப் பொடியான கிரீம் ஆஃப் டார்டார் அரை டீஸ்பூன், அது இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். சிறு கூம்புகளாகப் பிழிந்து, 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஓவனை அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆற விட வேண்டும். இனிப்பு அதிகம் என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்தவர்கள், மற்ற சோதனைகளில் இறங்குவதற்கு முன் இந்த அளவில் ஒரு முறை செய்து பார்த்து விடுவது நல்லது. சர்க்கரை குறைந்த நுரை மொறுமொறுப்பாக உலராது.

அறிகுறி 1: வெள்ளைக்கரு நுரைக்கவே இல்லை

ஐந்தாறு நிமிடம் முட்டை அடிக்கும் கருவியான பீட்டரை ஓட்டியும் மேலே பெரிய குமிழிகளும் அடியில் நீர்த்த வெள்ளைக்கருவும் தனித்தனியாக நின்றால், எங்கோ எண்ணெய்ப்பசை கலந்திருக்கிறது என்று பொருள்.

முதலில் மஞ்சள் கருவைத் தேடவும். போசியை, அதாவது அடிக்கும் பாத்திரத்தை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பொட்டளவு மஞ்சள் இருந்தாலும் தெரியும். அதை விரலால் எடுக்கப் போனால் பரவிவிடும். உடைந்த ஓட்டின் விளிம்பால் வெட்டி எடுத்தால் சுத்தமாக வந்துவிடும். பரவிவிட்டதென்றால் அந்த வெள்ளைக்கரு ஆம்லெட்டுக்குத்தான் ஆகும், மேற்கொண்டு பீட்டரை ஓட்டுவதில் பயனில்லை. அடுத்த முறை ஒவ்வொரு முட்டையையும் ஒரு சிறு கிண்ணத்தில் பிரித்து, சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகே பெரிய போசியில் ஊற்றவும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால் மஞ்சள் கரு உடையாது. பிரித்த வெள்ளைக்கருவை அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து அடித்தால் நுரை நன்றாகப் பொங்கும்.

மஞ்சள் இல்லையென்றால் பாத்திரத்தைப் பார்க்கவும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்ப்பசை தங்கிவிடும். அலுமினியப் பாத்திரம் நுரையைச் சாம்பல் நிறமாக்கும். அகலமான எவர்சில்வர் போசியே நல்லது. அதையும் பீட்டரின் கம்பிகளையும் சாறு பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்து, கொதிநீரில் அலசி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளவும்.

பாத்திரமும் சுத்தமாக இருந்து நுரை வரவில்லையென்றால் நான் அடுத்ததாகக் கேட்பது, சர்க்கரையை எந்த மிக்சி ஜாரில் பொடித்தீர்கள் என்பதை. காலையில் தேங்காய்ச் சட்னியோ நிலக்கடலைச் சட்னியோ அரைத்த அதே சின்ன ஜாரில்தான் பெரும்பாலும் சர்க்கரையும் பொடிக்கப்படுகிறது. ஜாரைக் கழுவியிருந்தாலும் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் எண்ணெய் நின்றிருக்கும். அந்த ரப்பரைக் கழற்றி முகர்ந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் முட்டையைச் சந்தேகிக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் விற்கும் திரவ வெள்ளைக்கரு ஏற்கெனவே சூடு காட்டப்பட்டதாக இருந்தால் நுரைக்க நெடுநேரம் பிடிக்கும், சில சமயம் நுரைக்கவே செய்யாது. கடைசிக் காரணம் பீட்டர். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும்போது மின்னழுத்தம் குறைந்து, கை பீட்டர் முனகிக்கொண்டு சுற்றும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. மறுநாள் முற்பகலில் அதே பீட்டரால் அடித்துப் பார்க்காமல் ஸ்டாண்ட் மிக்சர் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

அறிகுறி 2: நுரை நன்றாக எழுந்தது, சர்க்கரை போட்டதும் தளர்ந்துவிட்டது, அல்லது பிழிந்த கூம்பு படிந்துவிட்டது

*சர்க்கரையைச் சீக்கிரம் அல்லது மொத்தமாகச் சேர்த்திருந்தால்.* பீட்டரைத் தூக்கும்போது நுரையின் நுனி எழுந்து லேசாக வளைய வேண்டும். அந்தப் பதம் வந்த பிறகே சர்க்கரையைத் தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மேசைக்கரண்டி, அடுத்ததற்கு முன் இருபது முப்பது விநாடி இடைவெளி. 250 கிராம் சேர்த்து முடிக்க ஏழெட்டு நிமிடமாவது ஆகும். பொறுமையில்லாமல் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் நடு வேகத்தில் மேலும் சில நிமிடம் அடித்துப் பார்க்கவும். பாதிக்குப் பாதி மீண்டு வரும்.

*சர்க்கரை கரையாமல் இருந்தால்.* இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பிழிபையைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. நுரையில் ஒரு துளி எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லத் தேய்க்கவும். வழுவழுப்பாக நழுவினால் சர்க்கரை கரைந்துவிட்டது. ஒரே ஒரு மணி நறநறத்தாலும் இன்னும் இரண்டு நிமிடம் அடித்துவிட்டு மறுபடி தேய்க்கவும். நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் சர்க்கரையின் மணி பெரிது. மூட்டையில் எம்-30 என்று இருப்பது எஸ்-30 என்று இருப்பதைவிடப் பருமனானது. இரண்டில் எதுவானாலும் மிக்சியில் பொடித்துச் சலித்துச் சேர்ப்பதே இங்கே நடைமுறைக்கு ஏற்றது. பொடித்த சூட்டோடு கொட்டாமல் ஆற விடவும். கடையில் வாங்கும் ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், ஆகவே மொத்தமும் அதையே போட்டால் கடித்தவுடன் மாவுச் சுவை வரும்.

*நிறமோ எசன்ஸோ நுரையை இளக்கியிருந்தால்.* தண்ணீரான சிவப்பு, பச்சை நிறங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால் கூம்பு நிற்காது. ஜெல் நிறத்தைப் பல் குத்தும் குச்சி நுனியால் தொட்டு எடுத்தால் போதும். எசன்ஸ் அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். கொக்கோ பொடியில் கொழுப்பு உண்டு. அதைக் கடைசியில் சலித்துத் தூவி, நாலைந்து மடிப்பில் கலந்து நிறுத்திவிட வேண்டும்.

*பிழிந்த கூம்பு காத்திருந்து படிந்தால்.* மேசை மேல் வைக்கும் மின் ஓவனான ஓடிஜி சிறியதாக இருந்தால் ஒரு தட்டுத்தான் கொள்ளும் என்பதால் இரண்டாவது தட்டு மேடையில் வரிசைக்குக் காத்திருக்கும். சூடு காட்டாமல் அடித்த நுரைக்கு அந்தப் பொறுமை இல்லை, கால் மணி நேரத்திலேயே தளரத் தொடங்கும். அடிக்கும் அளவைப் பாதியாக்கி இரண்டு முறை அடிப்பது செலவில்லாத தீர்வு.

*இவை எதிலும் அடங்காவிட்டால்* சுவிஸ் முறைக்கு மாறிவிடலாம். வெள்ளைக்கருவையும் முழுச் சர்க்கரையையும் போசியில் சேர்த்து, கொதிக்கும் நீரின் ஆவிக்கு மேல், போசியின் அடி நீரைத் தொடாதபடி வைத்து, கிளறிக்கொண்டே 71 டிகிரி வரை சூடேற்றி இறக்கி, ஆறும் வரை அடிக்க வேண்டும். சர்க்கரை முற்றாகக் கரைந்துவிடும், நுரையும் இறுகி நெடுநேரம் நிற்கும். கேக்கின் மேல் சுடாமல் பூசுவதற்கு நுரை தேவைப்படும்போது, அதிலும் வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால், பச்சை வெள்ளைக்கருவை விட்டு இந்த முறையையே பின்பற்ற வேண்டும். சால்மோனெல்லா கிருமி பற்றிய கவலை அந்தச் சூட்டில் நீங்கிவிடுகிறது. இதற்கு முனையைக் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று வேண்டும் என்பதுதான் கூடுதல் செலவு.

அறிகுறி 3: நுரை பஞ்சுத் துணுக்குகளாகப் பிரிந்து, அடியில் நீர் நிற்கிறது

அளவுக்கு மீறி அடித்தாயிற்று. சர்க்கரை சேர்ப்பதற்கு முன் இப்படி ஆனால், இன்னொரு வெள்ளைக்கருவைச் சேர்த்து மெதுவாக அடித்தால் ஓரளவு கூடி வரும். சர்க்கரை சேர்த்த பிறகு ஆனால் மீட்பு இல்லை. அதை முந்திரிப் பொடியுடன் கலந்து தட்டையாகச் சுட்டு வீட்டில் தின்று தீர்ப்பதே வழி. பீட்டரை உச்ச வேகத்திலேயே வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நடு வேகமே போதும்.

அறிகுறி 4: அடியில் பழுப்பாகப் பாகு கசிகிறது, அல்லது மேலே முத்து முத்தாக நீர் வேர்க்கிறது

தட்டிலிருந்து மெரிங்கைத் தூக்கும்போது பட்டர் பேப்பரில் தேன் நிறத்தில் ஒரு வளையம் ஒட்டியிருந்தால் அது கரையாத சர்க்கரையின் வேலை. மணியாக நின்ற சர்க்கரை ஓவனின் சூட்டில் ஈரத்தை இழுத்துக்கொண்டு பாகாக உருகி, கனம் தாங்காமல் கீழே இறங்குகிறது. இரண்டாம் அறிகுறியில் சொன்ன விரல் சோதனைக்குத் திரும்பிப் போகவும். விரல் சோதனையில் தேறிய நுரையும் கசிகிறதென்றால் அடிச் சூடு போதவில்லை. தட்டை ஒரு படி கீழே இறக்கி, சுடும் நேரத்தில் அரை மணி கூட்டவும். தட்டுக்கு எண்ணெயோ வெண்ணெயோ தடவியிருந்தாலும் அடி உலராது. தடவாத பட்டர் பேப்பர், இல்லையேல் சிலிக்கான் விரிப்பு.

பை (pie), டார்ட் போன்ற பூரணம் வைத்த பண்டங்களுக்கு மேலே போடும் மெரிங் வேர்ப்பது வேறு கதை. அங்கே மேற்புறம் அளவுக்கு மேல் வெந்ததால் முத்துக்கள் கட்டும். அடியிலிருந்த பூரணம் ஆறிப் போயிருந்ததால் நடுவில் நீர் நிற்கும். பூரணம் சூடாக இருக்கும்போதே நுரையைப் பரப்பி, விளிம்பு வரை ஒட்டி மூடிச் சுட்டால் இரண்டும் நீங்கும்.

அறிகுறி 5: ஒட்டுகிறது, பிசுபிசுக்கிறது, கடித்தால் பல்லில் இழுக்கிறது

“ஏனுங்க அக்கா, ராத்திரி கலகலன்னு இருந்ததுங்க, காத்தால பார்த்தா கையில ஒட்டுதுங்க.” நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். இங்கே முதலில் ஒரு கிளை பிரிக்க வேண்டும்: ஓவனிலிருந்து எடுக்கும்போதே ஒட்டியதா, எடுத்து வைத்த பிறகு ஒட்டியதா?

*எடுக்கும்போதே ஒட்டினால்* அது உலரவில்லை, அவ்வளவுதான். ஒன்றைத் தூக்கிப் பார்க்கவும். பேப்பரிலிருந்து தானாகக் கழன்று வந்து, அடியை நகத்தால் தட்டும்போது உலர்ந்த ஓசை வர வேண்டும். அடி பேப்பரோடு பிய்ந்தால் மேலும் இருபது முப்பது நிமிடம் வைக்கவும். ஒரே தட்டில் பெரிதும் சிறிதுமாகப் பிழிந்திருந்தால் சிறியது உலரும்போது பெரியது உள்ளே ஈரமாகவே இருக்கும், ஆகவே ஒரு தட்டுக்கு ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளவும். ஓடிஜியின் கதவு இறுக மூடுவதால் ஆவி வெளியேற வழியில்லாமல் போவதும் உண்டு. மரக்கரண்டியின் காம்பைக் கதவில் செருகி விரலளவு இடைவெளி விட்டுக் கடைசி அரை மணி நேரம் உலர்த்தினால் வேறுபாடு தெரியும். மைக்ரோவேவ் ஓவனில் செய்பவர்கள் சூடான காற்றைச் சுழல விடும் கன்வெக்ஷன் முறையில்தான் செய்ய வேண்டும். வெறும் மைக்ரோவேவ் முறையில் இந்தக் கூம்புகள் ஒரு நாளும் உலர்ந்து வாரா.

*எடுத்து வைத்த பிறகு ஒட்டினால்* காற்றின் ஈரத்தைச் சர்க்கரை உறிஞ்சியிருக்கிறது. கோவைப் பக்கம் தென்மேற்குப் பருவத்தைவிட வடகிழக்குப் பருவமே கூடுதல் மழையைத் தருகிறது, அதன் வால் டிசம்பர் வரை நீளும். வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் இரண்டு மூன்று நாள் மூட்டம் போட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். தூறல் இல்லாத நாளிலும் விடியலில் பனி இறங்கும். அதனால் செலவில்லாத முதல் மருந்து நேரத்தை மாற்றுவது. இரவு சமையல் முடிந்த பிறகு தொடங்கி நள்ளிரவில் ஓவனை அணைத்துவிட்டுத் தூங்குவதே பலருக்கு வசதியாக இருக்கிறது; விடிவதற்குள் ஓவன் முழுவதும் ஆறி, பனியின் ஈரம் உள்ளே புகுந்திருக்கும். முற்பகல் பதினொரு மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் வெயில் இருக்கும்போதே ஆற வைத்து எடுத்துப் பூட்டி விடலாம். சாம்பாரோ இட்லியோ கொதித்துக்கொண்டிருக்கும் அதே அடுப்படியில் ஆற வைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது சம்படம். முறுக்கும் அதிரசமும் வைக்கும் எவர்சில்வர் சம்படத்தின் மூடி பார்க்க இறுக்கமாகத் தெரிந்தாலும் காற்றைத் தடுக்காது. ரப்பர் வளையம் உள்ள மூடியோடு கூடிய கண்ணாடி ஜாடியோ, கிளிப் போட்டு மூடும் டப்பாவோ வேண்டும். டப்பாவுக்குள் உணவுக்கு உகந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடவும். புதுச் செருப்புப் பெட்டியில் வந்த பொட்டலத்தைச் சேமித்து வைத்துப் போடுவது வேண்டாம். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. சூடு முழுவதும் தணியாமல் மூடினாலும் உள்ளேயே ஆவி கட்டி ஒட்டும். ஒரே டப்பாவில் பிளம் கேக் துண்டையும் மெரிங்கையும் சேர்த்து வைத்துப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு; கேக்கின் ஈரம் முழுவதும் மெரிங்குக்கு மாறிவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி அனுப்பவும்.

ஒட்டிய மெரிங்கைத் தூக்கி எறிய வேண்டாம். 90 டிகிரியில் இருபது முப்பது நிமிடம் மறுபடி உலர்த்தி, ஓவனுக்குள்ளேயே ஆற விட்டால் பழைய கலகலப்பு வந்துவிடும். ஒரே மெரிங் இரண்டு மூன்று முறை கூட இதைத் தாங்கும்.

நாட்டுச் சர்க்கரை போட்டவர்களுக்கு ஒரு சொல். கவுந்தப்பாடிச் சர்க்கரையின் மணமும் நிறமும் மெரிங்குக்கு அழகாகவே பொருந்துகின்றன, ஆனால் அதில் இயல்பாகவே உள்ள ஈரமும் பாகுத்தன்மையும் காற்றின் ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். மொத்தச் சர்க்கரையில் கால் பங்குக்கு மேல் அதைச் சேர்த்தால் எவ்வளவு சுட்டாலும் ஒட்டும். கொண்டைக்கடலை வேக வைத்த நீரால் முட்டையில்லாத மெரிங் செய்பவர்களும் இதை எதிர்பார்க்க வேண்டும். அந்த மெரிங் முட்டை மெரிங்கைவிட விரைவில் ஈரம் வாங்கும், அதனால் செய்த அன்றே பரிமாறி விடுவது உத்தமம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் நாட்களில் மேற்சொன்ன எதுவும் பலிக்காமல் போகலாம். அங்கே ஒரே வழி, ஓவனுக்குள்ளேயே ஆறியதும் எடுத்த கையோடு டப்பாவுக்குள் போடுவதுதான். சமவெளிக்குப் போய் விருந்தில் வைக்க வேண்டுமென்றால் டப்பாவைப் போய்ச் சேர்ந்த பிறகே திறக்கவும்.

அறிகுறி 6: வெள்ளையாக வரவில்லை, பழுப்பாக, அல்லது ஒரு பக்கம் மட்டும் சிவந்து வருகிறது

சூடு அதிகம். ஆனால் எண் 100ல் நிற்கும் குமிழைப் பார்த்துவிட்டு அதை நம்ப மறுப்பவர்கள் அதிகம். வீட்டு ஓடிஜியின் குமிழ் காட்டுவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. கம்பி சிவந்து அணைந்து மறுபடி சிவக்கும் சுற்றில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

காசில்லாத சோதனைகள் மூன்று. மேல் கம்பியை அணைத்துவிட்டுக் கீழ்க் கம்பியை மட்டும் வைத்துப் பார்க்கவும். மேலடுக்கில் ஒரு காலித் தட்டைக் கவிழ்த்து மறைப்பாக வைக்கவும். விசிறி உள்ள ஓவனானால் சூட்டைப் பத்து முதல் இருபது டிகிரி குறைக்கவும். ஒரு பக்கம் மட்டும் சிவந்தால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் முதல் முக்கால் மணி நேரத்துக்குள் கதவைத் திறக்க வேண்டாம்.

இதற்கு மேலும் சிவந்தால், ஓவனுக்குள் தொங்க விடும் வெப்பமானி ஒன்றை வாங்கவும். மெரிங்குக்காகச் செய்யும் செலவுகளில் இதை மட்டும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதைத் தட்டு வைக்கும் உயரத்தில் வைத்து, இருபது நிமிடம் காய விட்டு, கம்பி இரண்டு முறை அணைந்து எரிந்த பிறகு எண்ணைக் குறித்துக்கொள்ளவும். குமிழ் 100 காட்டும்போது உள்ளே 130 என்றால், அந்த வேறுபாட்டைக் குமிழின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வைத்தால் போதும். ஓவன் கெட்டுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

அறிகுறி 7: வெடிப்பு விடுகிறது, உள்ளே கூடாக இருக்கிறது

மேலோடு வெடிப்பதற்குச் சூடு மிகுந்திருப்பதும், ஆறுவதற்குள் கதவைத் திறந்ததுமே காரணம். முதலாவதற்கு ஆறாம் அறிகுறியைப் பார்க்கவும். இரண்டாவதற்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும். கேக் அளவில் சுட்டு மேலே கிரீமும் பழமும் வைக்கும் மெரிங்கான பெரிய பாவ்லோவா சற்று வெடிப்பது இயல்பு, கிரீமும் மாதுளை முத்துக்களும் அதை மறைத்துவிடும்.

உடைத்தால் உள்ளே வெற்றுக் கூடாக இருந்து மேல் ஓடு மட்டும் நிற்பது, நுரையை மிகையாக அடித்ததாலோ, வெளி ஓடு வேகமாக இறுகி உள்ளிருக்கும் பகுதி வேகாமல் இறங்கியதாலோ வரும். நடு வேகத்தில் அடித்து, பத்து டிகிரி குறைத்து, நேரத்தைக் கூட்டவும்.

அறிகுறி 8: முந்திரி மெக்ரூன் கூம்பாக நிற்காமல் அடையாகப் பரவுகிறது

தூத்துக்குடி மெக்ரூனை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை இங்கும் பலருக்கு இருக்கிறது, அதுவும் மெரிங் இனமே. பரவுவதற்குக் காரணம் அநேகமாக முந்திரியின் எண்ணெய். மிக்சியை விடாமல் ஓட்டினால் முந்திரி சூடேறி எண்ணெய் விட்டு, பொடி கையில் பிடித்தால் கட்டியாகும். அந்தப் பொடி நுரையில் விழுந்தவுடன் நுரை அமுங்கிவிடும். உலர்ந்த முந்திரியை விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குப் பொடித்து, சலித்து, ஆற வைத்து, கடைசியில் கரண்டியால் மடித்துச் சேர்க்கவும். வறுத்த முந்திரி, உப்பு முந்திரி இரண்டும் ஆகா. மடிப்பது பதினைந்து முறைக்கு மேல் போனாலே பரவத் தொடங்கும் என்பதால், அங்கங்கே வெள்ளைத் திட்டுத் தெரிந்தாலும் நிறுத்திவிடலாம்.

அறிகுறி 9: முட்டை வாடை அடிக்கிறது

மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி விட்டார் என்ற புகார்களில் பெரும்பாலானவை இதைச் சேர்ந்தவை. சரியாக உலராத மெரிங்கில்தான் வாடை எஞ்சும், எனவே முதலில் ஐந்தாம் அறிகுறியின் முதல் கிளையைச் சோதிக்கவும். எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவிச் சேர்ப்பது வெனிலாவைவிட நன்றாக வேலை செய்கிறது. ஏலக்காய்ப் பொடி அதற்கு அடுத்தபடி. கீறல் விட்ட முட்டையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

நடுவில் மின்சாரம் போனால்

கதவைத் திறக்க வேண்டாம். அரை மணி நேரம் வரை உள்சூடே வேலையைத் தொடரும். மின்சாரம் வந்ததும் போன நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை வரை நீளும் என்பதால், உங்கள் துணை மின்நிலையத்தின் பெயர் நாளிதழில் வந்திருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளவும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிஜியை மாட்ட முயல வேண்டாம். அதன் இழுவையைச் சாதாரண இன்வெர்ட்டர் தாங்காது.

எந்தக் கட்டத்தில் ஆளைக் கூப்பிட வேண்டும்

ஓவனின் உடம்பைத் தொடும்போது சுள்ளென்று இழுத்தால் அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்கவும். குற்றம் ஓவனுக்குள் இருக்கலாம், வீட்டின் எர்த் இணைப்பிலும் இருக்கலாம். இரண்டையும் மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும். பிளக்கின் காலில் கருகிய அடையாளம் இருந்தாலோ, ஓவன் போட்டவுடன் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்தாலோ அதே முடிவு. பெரிய ஓடிஜியை ஐந்து ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு மாட்டியிருந்தால், எலக்ட்ரீஷியனிடம் அடுப்படியில் பதினாறு ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை இழுத்துத் தரச் சொல்லவும்.

ஓவன் காய்வதைக் காட்டும் விளக்கு ஒரு மணி நேரமாகியும் அணையாமல், வெப்பமானியில் எண் ஏறிக்கொண்டே போனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்யாமல் அந்த ஓவனை ஓட்டக் கூடாது. உத்தரவாதக் காலம் இருந்தால் நிறுவனத்தின் சேவை மையம், முடிந்திருந்தால் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. கழற்றுவதற்கு முன்பே உதிரிப் பாகமும் கூலியும் எவ்வளவு என்று கேட்டு, அது புது ஓடிஜி விலையில் பாதியைத் தொட்டால் பழுது பார்க்க வேண்டாம். கதவின் கீல் தளர்ந்து சாய்ந்திருப்பது மட்டும் குறையென்றால் மெரிங்குக்கு அது பெரிதாகக் கெடுதல் செய்யாது, பண்டிகை முடிந்த பிறகு பார்க்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓவன் கைவிட்டால், விறகு அடுப்பு வைத்திருக்கும் பழைய பேக்கரி பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கவும். ரொட்டி எடுத்து முடித்த பிறகு அடுப்பில் தங்கும் தணிந்த சூடு மெரிங்குக்கு ஏற்றது. தட்டின் அளவை முன்கூட்டியே கேட்டு, சுவிஸ் முறையில் அடித்து, அங்கே போன பிறகே பிழிந்து வைக்கவும். பிழிந்த தட்டை வண்டியில் கொண்டு போனால் ஒரு கூம்பும் நிற்காது.